கொழும்பில் மலர் அலங்காரச் சான்றிதழ்ப் பாடநெறியும் தொண்டுப் பணியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலர் அலங்காரத்தை முறையாகக் கற்க விரும்பும் தமிழர்கள், குறிப்பாக வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் வாழ்பவர்கள், பாடநெறியில் சேருமுன் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். முதியோர் இல்லம் போன்ற இடங்களுக்கு இலவசமாக அலங்காரம் செய்துகொடுக்கும் தொண்டுப் பணியையும் பாடத்திட்டத்தின் பகுதியாகக் கொண்ட சான்றிதழ்ப் பாடநெறியே தொடக்கநிலை மாணவருக்கு ஏற்றது என்பது என் துணிபு; அதற்கான காரணம் கீழே வருகிறது.

இத்தகைய பாடநெறியில் என்ன கற்பிக்கப்படுகிறது?

பூக்களை அழகாக அடுக்குவது பிற்பகுதியில் வரும் பாடம். முதலில் வருவது, வெட்டிய பூவை வாடாமல் வைத்திருக்கும் பாடம்: தண்டை எந்தக் கோணத்தில் வெட்டுவது, எந்த இலைகளைக் களைவது, எந்தப் பூவுக்கு எவ்வளவு நீர் வேண்டும், எது குளிரைத் தாங்கும், எது தாங்காது என்பவை. இதை ஒரே நாளில் முடித்துவிட்டு நேரே மணமகள் பூச்செண்டுக்குத் தாவும் வகுப்பை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

அடுத்து, பூக்களை அவை செய்யும் வேலையைக் கொண்டு பிரித்தறியக் கற்பிப்பார்கள். கிளாடியோலஸ் போல நீண்டு நின்று அலங்காரத்தின் உயரத்தையும் அகலத்தையும் வரையறுப்பவை கோட்டுப் பூக்கள்; ரோசா, கார்னேஷன், செவ்வந்தி போலத் திரண்டிருந்து அலங்காரத்தின் உடலை நிரப்புபவை திரள் பூக்கள்; அந்தூரியம், ஓர்க்கிட் போலத் தமது உருவத்தாலேயே கண்ணை இழுப்பவை உருவப் பூக்கள்; ஜிப்சோபிலா போல இடைவெளிகளை மூடுபவை நிரப்புப் பூக்கள். இந்தப் பிரிவு மனத்தில் பதிந்தவர், சந்தையில் ரோசா கிடைக்காத நாளிலும் தடுமாறாமல், அதே வேலையைச் செய்யக்கூடிய வேறொரு பூவை எடுத்துக்கொள்வார்.

அதன் பின்னர் சமநிலை, அளவுப் பொருத்தம், ஓட்டம், குவிமையம் (கண் முதலில் சென்று நிற்கும் இடம்) முதலிய வடிவமைப்புக் கொள்கைகள் வரும். பூச்சாடியின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை அலங்காரத்தின் உயரம் இருக்கலாம் என்ற அளவுமுறை எல்லா வகுப்பிலும் சொல்லப்படும். அது தொடக்கத்துக்கு உதவும் கைத்தடி மட்டுமே. சாப்பாட்டு மேசையின் நடுவில் வைக்கும் அலங்காரம், எதிரே அமர்ந்திருப்பவரின் முகத்தை மறைக்கக்கூடாது என்ற நடைமுறைத் தேவை வந்துவிட்டால் அந்தக் கணக்கை விட்டுவிட வேண்டியதுதான்.

கைவேலையில் முக்கியமானவை மூன்று. தண்டுகளை ஒரே திசையில் சாய்த்துச் சுருளாகப் பிடித்துக் கட்டும் கைச்செண்டு முதலாவது. கம்பி கோத்தல் இரண்டாவது; இங்கே கம்பியின் கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பதைப் புதியவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்வதுண்டு. ரோசாவின் கனத்துக்கு 20 கேஜ் அளவிலான கம்பி பொருந்தும். மல்லிகை மொட்டுக்கு 26 அல்லது 28 வேண்டும். மூன்றாவது, ஜப்பானிய இகெபானா மரபிலிருந்து வந்த, ஊசிகள் பதித்த கென்சான் தட்டில் பூவை நிறுத்தும் முறை. இகெபானாவை முழுமையாகக் கற்பிக்க ஒரு சான்றிதழ்ப் பாடநெறி போதாது. எனினும் மூன்று தண்டுகளையும் வெற்றிடத்தையும் கொண்டு ஓர் அலங்காரத்தை முடிக்கும் அந்தச் சிக்கனத்தை ஒருமுறையேனும் பழகியவர்களின் கை பிறகு அதிகமாகத் திணிப்பதில்லை.

எனக்குச் சிறு வயது முதல் மாலை கட்டத் தெரியும். நான் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது, ஆனால் நீங்கள் வெறுங்கையோடு வரவில்லை. ஊசியின்றி நாரை மட்டும் கொண்டு மல்லிகைச் சரம் தொடுப்பவர், காம்பை எவ்வளவு இறுக்கினால் முறியும், எவ்வளவு தளர்த்தினால் உதிரும் என்பதை விரல்களாலேயே அறிந்திருக்கிறார். வாழைநாரை நனைத்துக் கட்டினால் அது மென்மையாக வளையும், பூவையும் ஈரத்தோடு வைத்திருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். இந்த அறிவு கம்பி கோத்தலிலும் ஆடையில் குத்தும் சிறு பூச்செண்டிலும் நேரடியாகப் பயன்படும். கொழும்பு வகுப்புகளில் மேலைநாட்டு வடிவங்களே பெரிதும் கற்பிக்கப்படுவதால், மாலை கட்டுதலைத் தாழ்ந்த கைத்தொழிலாக எண்ணிச் சிலர் தமக்குத் தெரிந்ததைச் சொல்லவே கூச்சப்படுகிறார்கள். செட்டியார் தெருக் கோயில்களை அண்டிய மாலைக் கடைகளில் அமர்ந்து கட்டுபவர்களின் வேகத்தையும் சீரையும் அரைமணி நேரம் நின்று பார்த்தால் அந்தக் கூச்சம் போய்விடும்.

உங்களுக்குப் புதிதாக இருக்கப்போவது நீரில் நிற்கும் அலங்காரம். மாலையின் ஆயுள் ஒரு நாள். பூச்சாடி அலங்காரம் ஐந்து நாட்களேனும் நிற்க வேண்டும். வேலைமுறைகள் எல்லாம் அந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

கல்வித் தகைமை வேண்டுமா? தமிழில் கற்கலாமா?

பொதுவாகப் பரீட்சைத் தகைமை எதுவும் எதிர்பார்க்கப்படுவதில்லை. தேசியத் தகைமையோடு இணைந்த பாடநெறியாயின் நிபந்தனை இருக்கலாம், முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். கற்பித்தல் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நடப்பதே வழக்கம். இது கண்ணால் பார்த்துக் கையால் பழகும் கல்வி என்பதால் மொழி பெரிய தடையாக இருப்பதில்லை. ஆயினும் எழுத்துத் தேர்வு உண்டா, அதைத் தமிழில் எழுதலாமா என்பதைக் கட்டணம் செலுத்துமுன் அறிந்துகொள்வது நல்லது. ஆண்களும் சேரலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாகச் சேரலாம். மண்டப அலங்காரத் தொழிலில் ஆண்கள் ஏற்கெனவே நிறையவே இருக்கிறார்கள்.

சான்றிதழுக்கு என்ன மதிப்பு?

இலங்கையில் தொழிற்பயிற்சி நிறுவனங்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்துவது, 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. தேசிய தொழில் தகைமைச் சட்டகத்தில் ஏழு மட்டங்கள் உள்ளன. முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்கு இணையானது. ஒரு நிறுவனம் ஆணைக்குழுவில் பதிவு பெற்றிருப்பது வேறு, அதன் குறிப்பிட்ட பாடநெறி தேசியத் தகைமைக்குரியதாக அங்கீகரிக்கப்பட்டிருப்பது வேறு. விளம்பரங்களில் இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்து தோன்றக்கூடும் என்பதால் தனித்தனியே கேளுங்கள். வெளிநாட்டில் வேலை தேடும் எண்ணமுடையவர்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.

உள்ளூரில் பூக்கடை வைக்கவோ வீட்டிலிருந்தே கட்டளைகளை ஏற்கவோ எண்ணுபவரிடம் வாடிக்கையாளர் சான்றிதழைக் கேட்கப்போவதில்லை. அவர் செய்த வேலைகளின் படங்களைத்தான் கேட்பார். ஆகவே முதல் வாரம் முதலே, நல்ல பகல் வெளிச்சத்தில், பின்னணியில் வேறு பொருள்கள் இல்லாமல் படமெடுத்துச் சேர்த்து வாருங்கள்.

பணம் கட்டிப் படிக்க வந்தவர் ஏன் இலவசமாகத் தொண்டு செய்ய வேண்டும்?

நியாயமான கேள்வி. முதற்காரணம் எளிமையானது: கைக்குப் பயிற்சி வேண்டும், பயிற்சிக்குப் பூ வேண்டும், பூவுக்கு விலை உண்டு. ஒரு மாணவருக்கு ஒரு வகுப்பில் இருபது முப்பது தண்டுகளுக்கு மேல் கொடுப்பது நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாது. முதியோர் இல்லம் ஒன்றின் சாப்பாட்டு மண்டபத்துக்குப் பதினைந்து மேசை அலங்காரங்கள் செய்யப் புறப்படும் குழுவிலோ, ஒவ்வொருவர் கையிலும் ஒரே வடிவம் மூன்று நான்கு தடவை திரும்பத் திரும்ப உருவாகிறது. முதல் அலங்காரத்துக்கு நாற்பது நிமிடம் எடுத்தவர் நான்காவதைப் பாதி நேரத்தில் முடிப்பார். வேகம் வருவது இப்படித்தான். வகுப்பறையில் ஒன்றைச் செய்து, ஆசிரியர் திருத்த, வீட்டுக்கு எடுத்துச் செல்லும் முறையில் அது வருவதில்லை.

இரண்டாவது காரணம் சற்று நுட்பமானது. வகுப்பில் செய்யும் அலங்காரம் ஆசிரியரின் கண்ணுக்காகச் செய்யப்படுகிறது. கட்டிலில் படுத்தபடி பார்ப்பவருக்காகவோ சக்கர நாற்காலியின் உயரத்திலிருந்து பார்ப்பவருக்காகவோ செய்யும்போது, எங்கே குவிமையம் வைப்பது, எந்த நிறம் மங்கிய பார்வைக்கும் தெரியும், நறுமணம் போதுமா அல்லது தலைவலி தருமா என்ற கேள்விகள் தாமாகவே எழுகின்றன. வயது முதிரும்போது கண்வில்லை மஞ்சளிப்பதால் நீலத்தையும் ஊதாவையும் பிரித்தறிவது கடினமாகிறது. சிவப்பும் மஞ்சளும் செம்மஞ்சளும் தெளிவாகத் தெரிகின்றன. இதைப் புத்தகத்தில் படித்தவர் மறந்துவிடலாம். ஆசையாகச் செய்துவைத்த ஊதா நிற அலங்காரத்தை அங்கிருந்த பாட்டி கவனிக்கவே இல்லை என்பதைக் கண்டவர் மறக்கமாட்டார்.

பூவும் பொதுத்தொண்டும் கொழும்புக்குப் புதியவையும் அல்ல. 1930களில், முதல் உலகப் போரின் நினைவாக நவம்பர் 11ஆம் நாள் விற்கப்பட்ட பொப்பிப் பூவுக்கு எதிராகப் பூவரசம்பூவை விற்ற சூரியமல் இயக்கத்தின் தொண்டர்கள்தாம், 1934-35இல் மலேரியா கொள்ளைநோய் பரவியபோது பாதிக்கப்பட்ட கிராமங்களுக்குச் சென்று நிவாரணப் பணியில் இறங்கினார்கள்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். கட்டணம் வாங்கும் திருமண மண்டபத்துக்கு மாணவர்களைச் சம்பளமின்றி அனுப்பிவிட்டு அதைத் தொண்டு என்று அழைப்பது தொண்டல்ல. பயன்பெறுபவர் யார், பூவுக்குப் பணம் கொடுப்பவர் யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் தெளிவான விடை கிடைக்க வேண்டும்.

தொண்டுக்கான பூக்கள் எங்கிருந்து வருகின்றன?

பெரும்பாலும் மீந்த பூக்களே. திருமணம் முடிந்த மறுநாள் காலையில் மண்டபத்தைத் துப்புரவு செய்வோர் கையில் குப்பையாகப் போகும் பூக்களில் கணிசமான பகுதி இன்னும் மூன்று நாள் நிற்கக்கூடியது. மணவீட்டாரிடமும் மண்டபத்தாரிடமும் முன்கூட்டியே அனுமதி பெற்று, இரவே வாளியும் கத்தரிக்கோலுமாகச் சென்று பிரித்தெடுக்க வேண்டும். விடியும் வரை விட்டுவைத்தால் பயனில்லை. பிரித்தவற்றின் தண்டுகளை மீண்டும் வெட்டி, இரவு முழுவதும் நீரில் நிறுத்தி, காலையில் தேறியவற்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பாதி கழிந்துபோகும், அதற்காக வருந்த வேண்டாம்.

அப்படிச் சேர்த்த பூவைக் கோயிலுக்குக் கொடுக்கலாமா?

பூசைக்குக் கொடுக்கக்கூடாது. ஒரு முறை சாத்திய பூ நிர்மாலியம், அதாவது மீண்டும் பூசைக்கு ஆகாத கழிபூ. முகர்ந்த பூவும் பிறர் பயன்படுத்திய பூவும் அர்ச்சனைக்கு ஆகா. விகாரைகளிலும் புத்தருக்குப் படைக்கும் பூவை முகர்வதில்லை என்பதால் இந்த விடயத்தில் இரு சமயத்தவருக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை. கோயிலுக்குத் தொண்டு செய்ய விரும்பினால் புதுப்பூவும் குருத்தோலையும் மாவிலையும் கொண்டு செய்யுங்கள்.

மருத்துவமனை விடுதிகளுக்குப் பூ கொண்டுபோகலாமா?

விடுதிப் பொறுப்பாளரின் அனுமதியின்றிக் கொண்டுபோகக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவிலும், புற்றுநோய்ச் சிகிச்சையால் வெண்குருதிக் கலங்கள் குறைந்தவர்கள் இருக்கும் விடுதியிலும், பூக்களை அனுமதிக்காதிருப்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. பூச்சாடியில் தேங்கும் நீரில் சூடோமோனாஸ் போன்ற பற்றீரியாக்கள் பெருகுவதே காரணம். இத்தகைய இடங்களுக்குத் தொண்டு செய்ய விரும்பும் குழு, வரவேற்புக் கூடத்தையோ பணியாளர் ஓய்வறையையோ அலங்கரித்துக் கொடுக்கலாம். முதியோர் இல்லங்களிலும் சிறுவர் இல்லங்களிலும் அலரி போன்ற நச்சுப் பூக்களைக் கைக்கெட்டும் உயரத்தில் வைக்க வேண்டாம். லில்லியின் மகரந்தப் பைகளை முதலிலேயே கிள்ளிவிடுங்கள்; துணியில் பட்டால் அந்தக் கறை எளிதில் போகாது.

கொழும்பு வெயிலில் பூக்கள் சீக்கிரம் வாடிவிடுகின்றனவே?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் கொழும்பில் மலர் அலங்காரம் செய்ய இயலாது. ரோசா, கார்னேஷன், ஜெர்பரா, செவ்வந்தி ஆகியவை நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளின் குளிரில் வளர்ந்து இரவோடிரவாக இறங்கி, பகலில் 30 பாகை செல்சியஸைத் தொடும் நகருக்கு வருகின்றன. வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் வெட்டிய பூவின் சுவாசம் இரண்டு மூன்று மடங்காகப் பெருகும். அதாவது தண்டில் சேமித்துவைத்த சர்க்கரை அவ்வளவு வேகமாகத் தீரும். பயணத்தில் வெட்டுமுனை உலர்ந்து, நீர் ஏறும் குழாய்களுக்குள் காற்று புகுந்துவிடுகிறது. பிறகு நீரில் வைத்தாலும் பூவுக்கு நீர் எட்டுவதில்லை.

ஆகவே வாங்கியவுடன் செய்ய வேண்டியவை இவை. தண்டின் அடியில் ஓரங்குலத்தைக் கூரிய கத்தியால் சாய்வாக வெட்டுங்கள். ரோசாவை நீருக்குள்ளேயே வைத்து வெட்டினால் மேலும் நல்லது. நீர்மட்டத்துக்குக் கீழே ஓர் இலைகூட இருக்கக்கூடாது, ஏனெனில் அழுகும் இலைதான் பற்றீரியாவின் உணவு. பின்னர், சுத்தமான வாளியில், நிழலான இடத்தில், குறைந்தது மூன்று நான்கு மணி நேரம் ஓய்வு கொடுங்கள். ஒரு லீற்றர் நீரில் ஒரு மேசைக்கரண்டி சீனி, இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு, கால் தேக்கரண்டி வெளிற்றும் திரவம் (பிளீச்) ஆகியவற்றைக் கலந்தால் கடையில் விற்கும் பூ உணவுக்கு மாற்றாகும். சீனி உணவு, புளிப்பு நீரேற்றத்துக்கு உதவி, வெளிற்றி கிருமிக்கு எதிரி. வெளிற்றியையும் சாற்றையும் நீரின்றி நேரடியாகச் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு எழும்.

எல்லாப் பூவுக்கும் ஒரே வைத்தியம் இல்லை. ஜெர்பராவின் மென்தண்டு ஆழமான நீரில் அழுகும், ஆகவே இரண்டங்குல நீர் போதும். கிளாடியோலஸைப் படுக்கவைத்தால் நுனி மேல்நோக்கி வளைந்துவிடும். ஹைட்ரேஞ்சியா இதழ்கள் வழியாகவும் நீரை உறிஞ்சுவதால், வாடியதை முழுவதுமாக நீரில் அமிழ்த்தி மீட்கலாம். ரோசாவுக்கு நல்லதான குளிர்சாதனப் பெட்டி அந்தூரியத்துக்கு எதிரி. 12, 13 பாகைக்குக் கீழே அதன் நிறம் கருகும். கார்னேஷனையும் ஓர்க்கிட்டையும் மாம்பழம், வாழைப்பழத்துக்கு அருகில் வைக்காதீர்கள், பழுக்கும் கனிகள் விடும் எத்திலீன் வாயு அவற்றை முன்கூட்டியே முதுமையடையச் செய்யும். பழத்தட்டும் பூத்தட்டும் அருகருகே நிற்கும் நம் திருமண வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது.

தாழ்நாட்டு ஈரவலயத்தில், கம்பஹா போன்ற மாவட்டங்களில் வளரும் அந்தூரியமும் ஓர்க்கிட்டும் இந்த வெப்பத்துக்குப் பழகியவை. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவ மழைக்காலத்தில் மலைநாட்டுப் பூ நனைந்து சாம்பல் பூஞ்சையோடு வருமானால், இவற்றையே நம்புவது புத்திசாலித்தனம்.

ஓயாசிஸ் எனப்படும் பச்சைப் பஞ்சைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். அதையே நம்பி இருக்கக்கூடாது. 1954இல் அமெரிக்காவில் அறிமுகமான இப்பஞ்சு பீனோல் ஃபார்மல்டிஹைடு பிளாஸ்திக்கால் ஆனது. மண்ணில் மக்காமல் நுண்துகள்களாக உதிர்வதால், பிரித்தானியாவின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் தன் மலர்க் கண்காட்சிகளில் அதைத் தடைசெய்துவிட்டது. பயன்படுத்த நேர்ந்தால் நீரில் தானாக அமிழ விடுங்கள். கையால் அழுத்தினால் நடுவில் காற்று தங்கி, அவ்விடத்தில் குத்திய பூ நீரின்றி வாடும். பஞ்சைக் கழுவிய நீரை வாய்க்காலில் ஊற்றாதீர்கள்.

நம்மிடம் மாற்று ஏற்கெனவே உண்டு. வாழைக்குற்றியை அளவாக வெட்டி அதில் பூவைக் குத்தி அலங்கரிப்பது இங்கே பழைய வழக்கம். ஈரம் தாங்கும், மறுநாள் மண்ணோடு சேரும். கோழிக்கூட்டு வலையை உருட்டிச் சாடிக்குள் வைப்பது இன்னொரு வழி. தொண்டுப் பணிக்குப் பஞ்சே கொண்டுபோகக்கூடாது என்ற விதியை ஒவ்வொரு வகுப்பும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம், ஏனெனில் அதை அப்புறப்படுத்தும் சுமை இறுதியில் அந்த இல்லத்தின் பணியாளர் தலையில் விழுகிறது.

பல சமயத்தவர் வாழும் நகரில் எதைக் கவனிக்க வேண்டும்?

இலங்கையில் வெள்ளை துக்கத்தின் நிறம். வேறு நிறம் கலவாத வெள்ளைப் பூச்செண்டை நோயாளிக்குக் கொண்டுசெல்வதைத் தவிருங்கள். கிறிஸ்தவ மணமகளின் வெண்செண்டு மட்டும் விலக்கு. பௌத்த, கிறிஸ்தவ இறுதிச் சடங்குகளுக்கு மலர்வளையம் அனுப்புவது வழக்கம். பொறளை மயானத்தை ஒட்டிய பூக்கடைகள் அதனாலேயே வாழ்கின்றன. முஸ்லிம்களின் ஜனாஸா வீட்டுக்கு மலர்வளையம் அனுப்புவதில்லை. கத்தோலிக்க ஆலயங்களில் தவக்காலத்தில், சில விழா நாட்கள் நீங்கலாக, பலிபீடத்தைப் பூக்களால் அலங்கரிப்பதில்லை என்பதால், அந்த வாரங்களில் தேவாலயத் தொண்டுக்கு நாள் குறிக்காதீர்கள். சிவனுக்குத் தாழம்பூவும் விநாயகருக்குத் துளசியும் சாத்துவதில்லை. ஐயம் வந்தால் கோயிலில் குருக்களையும் ஆலயத்தில் பங்குத்தந்தையையும் கேட்டுவிடுவதே முறை. அலங்காரம் செய்பவரின் ரசனை அங்கே இரண்டாம் இடம்தான்.

பாடநெறி முடிந்தபின் பிழைக்க முடியுமா?

முழுநேர வருமானம் உடனே வராது. பூத்தொழில் பருவத்தைச் சார்ந்தது: இந்துத் திருமணங்கள் ஆடியிலும் மார்கழியிலும் நடப்பதில்லை; கிறிஸ்தவத் திருமணங்களும் நத்தாரும் திசெம்பரை நிரப்பிவிடுகின்றன; காதலர் தினத்தையொட்டி ரோசாவின் விலை ஏறிவிடும். ஒரு சமூகத்தை மட்டும் நம்பியவருக்கு ஆண்டில் சில மாதங்கள் வேலை இராது. பல சமூகத்தவருக்கும் செய்யத் தெரிந்தவர் சமாளிப்பார். அலுவலக வரவேற்பறைகளுக்கு வாரமொருமுறை அலங்காரம் மாற்றிக் கொடுக்கும் ஒப்பந்தம் சிறியதாயினும் நிலையானது. விலை சொல்லும்போது கழிந்துபோகும் பூவையும் முச்சக்கரவண்டிக் கூலியையும் உங்கள் கூலியையும் சேர்க்க மறவாதீர்கள். உறவினருக்குச் செய்யும்போது முதலில் காணாமற்போவது மூன்றாவதுதான்.

கருவிகளுக்கு எவ்வளவு செலவாகும்?

ஒரு நல்ல கத்தி, தண்டு வெட்டும் கத்தரி, கம்பி வெட்டும் குறடு, இரண்டு வாளிகள் ஆகியவை போதும். கத்தரியில் மட்டும் மலிவைத் தேடாதீர்கள். மழுங்கிய அலகு தண்டை வெட்டாமல் நசுக்கும். பாடநெறிக் கட்டணத்தில் பூவின் விலை அடங்குமா என்பதே உண்மையான செலவுக் கேள்வி. அடங்காவிட்டால், இறுதியில் பூவுக்குக் கொடுக்கும் தொகை கட்டணத்தையும் மிஞ்சக்கூடும்.

சேருமுன் வகுப்பைப் பார்க்கப் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

சுவரில் மாட்டியிருக்கும் படங்களை விட்டுவிட்டு வாளிகளைப் பாருங்கள். நீர் தெளிவாக இருக்கிறதா, வழுவழுப்பு இல்லாமல் கழுவப்பட்டிருக்கிறதா, வாளிக்குள் இலை அழுகிக்கிடக்கிறதா என்று பாருங்கள். ஒரு மாணவருக்கு ஒரு வகுப்பில் எத்தனை தண்டுகள் கிடைக்கும், ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள், தொண்டுப் பணிக்கு ஆசிரியரும் உடன் வருவாரா, போக்குவரத்துச் செலவு யாருடையது என்று கேளுங்கள். முடிந்தால், சென்ற குழுவினர் அலங்காரம் செய்துகொடுத்த இல்லத்தின் பொறுப்பாளரிடமும் பேசுங்கள்: அலங்காரம் எத்தனை நாள் நின்றது, வாடியபின் சாடிகளைத் திரும்ப எடுக்க யாராவது வந்தார்களா என்ற இரண்டையும் அவரிடமே கேட்டறியலாம்.